நின்றது திரையா, கம்ப்யூட்டரா?

குளச்சலில் என் மைனி (மதினி) ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். கோவில் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்டு, முதல் நன்மைக் கார்டு, நினைவஞ்சலி அட்டை, பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், இதற்கு நடுவே நாள் முழுக்க ஜெராக்ஸ். டைப் வேலை முழுவதும் ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப்பை நம்பித்தான் நடக்கிறது. கொஞ்ச காலமாக அது வேலைக்கு நடுவில் நின்றுபோய்க்கொண்டிருந்தது. திரையில் இருப்பது அப்படியே இருக்கும், மவுஸ் நகராது, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. இப்போது நிற்பதில்லை. அது எதனால் நின்றது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களில் இதே வயதுள்ள கம்ப்யூட்டர்கள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. நன்றாக உழைக்கக்கூடிய மெஷின்கள், ‘டிரைவர் போச்சு’ (கம்ப்யூட்டரின் ஒரு பாகத்தை ஓட்டுகிற மென்பொருள்தான் டிரைவர்) என்ற ஒரே வார்த்தையில் எடைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

மெஷின் 2010 வாக்கில் வாங்கியது. ஜி41 சிப்செட் மதர்போர்டு, கோர் 2 டியோ ப்ராசஸர், 4 ஜிபி ரேம். பின்னால் யாரோ டிசைன் வேலைக்குக் கார்டு இருந்தால் நல்லது என்று சொல்ல, திரைக்குப் படம் வரைந்து தரும், அதே காலத்துச் சின்ன கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் போட்டிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியில் விண்டோஸ் 7, இன்னொரு பகுதியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துவிட்டதால் மெயில் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் வரும் படங்களை இறக்குவது, அரசு விண்ணப்பங்கள் போடுவது எல்லாம் மின்ட்டில். டைப்செட்டிங் மட்டும் விண்டோஸில்.

புதிது ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மைனியின் தொழில் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. அது 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு அடுத்த பதிப்பே வரவில்லை. அதில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வருஷக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் அவை. வேறு மென்பொருளில் அப்படியே ஒட்டினால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பைதான் வரும். கோவில் கமிட்டிக்காரர்கள் கடைக்கு வந்து, “போன வருஷ நோட்டீச எடுத்து தேதியையும் சாமியார் பேரையும் மட்டும் மாத்துங்க” என்றுதான் சொல்வார்கள். அந்தப் போன வருஷ நோட்டீஸ் திறக்கவில்லை என்றால் ஒரு முழு நோட்டீசைத் திரும்ப அடிக்க வேண்டும். அதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றுவது அவசியமான வேலைதான். ஆனால் திருவிழா சீசனில், கமிட்டி ஆள் வாசலில் நிற்கும்போது செய்கிற வேலை இல்லை.

நின்றுபோக ஆரம்பித்ததும் சர்வீசுக்கு ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பார்த்த உடனே கிராபிக்ஸ் டிரைவர் என்று சொல்லி ஃபார்மட் அடித்துவிட்டுப் போனார். நல்ல வேளையாகக் கோப்புகளை மைனி ஏற்கெனவே வெளியே எடுத்து வைத்திருந்தார். எழுத்துருக்களைத்தான் தேடித் தேடித் திரும்பப் போட வேண்டி வந்தது. சில நாள் ஓடியது. பிறகு மறுபடியும் நின்றது. அடுத்தபடியாகக் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார்கள். அதற்கும் அடுத்தபடியாக, இனி புது சிஸ்டம்தான் என்றார்கள். அந்தக் கட்டத்தில்தான் எனக்கு போன் வந்தது.

“தம்பி, படம் அப்பிடியே நிக்கு. மவுஸ் அனங்க மாட்டங்கு. ஆனா பாட்டு மட்டும் பாடிக்கிட்டு கெடக்கு.”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சர்வீஸ்காரரிடமும் மைனி சொல்லியிருக்கிறார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பாட்டு ஓடுகிறது என்றால் ப்ராசஸர் வேலை செய்கிறது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்பு வந்துகொண்டிருக்கிறது, சவுண்டுக்கான டிரைவர் உயிரோடு இருக்கிறது. அதாவது கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அது வரைந்து காட்டுகிற இடம் மட்டும்தான் நின்றிருக்கிறது. திரை நின்றதா, மொத்த மெஷினும் நின்றதா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் டிரைவரைத் தொடுவதில் எந்தப் பலனும் இல்லை. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. மைனியின் மெஷினில் இரண்டுமே இருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதைச் சோதிக்க மூன்று வழி இருக்கிறது. நிற்கிற நேரம் பின்னணியில் ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தால் அதுவே முதல் சோதனை. பாட்டு தொடர்ந்தால் கோளாறு கிராபிக்ஸ் பக்கம் மட்டும். ஒரே சத்தம் ‘டர்ர்ர்’ என்று சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தால் மொத்த மெஷினும் நின்றுவிட்டது. இரண்டாவது, கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு. விண்டோஸில் அமுக்க அமுக்க எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. லினக்ஸில் இதை முழுக்க நம்ப முடியாது. அங்கே அந்த விளக்கைத் திரையைக் கவனிக்கிற நிரலே பெரும்பாலும் கையாளுவதால், திரை நின்றால் விளக்கும் நின்றுவிடலாம், அப்போதும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மூன்றாவது வழிதான் கெட்டியானது. முன்கூட்டியே மின்ட்டில் ஓப்பன் எஸ்எஸ்ஹெச் சர்வரை (வேறொரு கருவியிலிருந்து உள்ளே நுழைய வழிவிடும் நிரல்) நிறுவி வைத்துவிட்டு, திரை நின்ற பிறகு அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து உள்ளே நுழைந்து பார்ப்பது. போனில் கட்டளை தட்டுவதற்கான டெர்மக்ஸ் ஆப் இருந்தால் போதும்.

நான் கடையில் இருந்தபோதே திரை நின்றது. போனிலிருந்து நுழைந்தேன், எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனது. டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்தேன் (டி, எம், ஈ, எஸ், ஜி என்று ஐந்து எழுத்து). கெர்னலின் குறிப்பேடு ஓடி வந்தது. கடைசி வரிகள் முழுக்கக் கிராபிக்ஸ் டிரைவரின் புகார்தான்: கட்டளை அனுப்பினேன், பதில் இல்லை, சேனலை மூடித் திறந்தேன், பதில் இல்லை. இன்டெல் சிப்பாக இருந்தால் இந்த இடத்தில் ‘ஜிபியூ ஹேங்’ (ஜிபியூ என்பது கிராபிக்ஸ் சிப்) என்றே இருக்கும். பழைய ரேடியானாக இருந்தால் ‘ரிங்’ இத்தனை மில்லிசெகண்டாக நிற்கிறது, ‘ஜிபியூ லாக்கப்’ என்று வரும். போனில் நுழைய வழி இல்லாதவர்கள் அணைத்துவிட்டுத் திரும்ப ஆன் செய்த பிறகும் பார்க்கலாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு மைனஸ் பி, மைனஸ் 1 என்று சேர்த்தால் முந்தைய ஓட்டத்தின் குறிப்பு கிடைக்கும். அணைப்பதற்கும் பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆல்ட், ப்ரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற மூன்று கீகளையும் ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி இடைவெளி விட்டு அமுக்கினால், எழுத வேண்டியதை டிஸ்க்கில் எழுதி முடித்து, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றி, ரீபூட் ஆகும். கோப்பு கெடாது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளவர்கள் இதை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைப்பது நல்லது.

விண்டோஸ் பக்கத்தில் இதே கோளாறு வேறு முகத்தோடு வந்தது. திரை ஒரு கணம் கறுக்கும், திரும்ப வரும், கீழ் மூலையில் ‘டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தியது, இப்போது மீண்டுவிட்டது’ என்ற பொருளில் ஒரு செய்தி. சில நேரம் திரும்ப வராமலே போகும். இதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு விண்டோஸ் விஸ்டாவில் வந்தது. சுருக்கமாக டிடிஆர் என்பார்கள். கிராபிக்ஸ் சிப்புக்குக் கொடுத்த வேலை 2 விநாடிக்குள் நகரவில்லை என்றால், விண்டோஸ் அந்தச் சிப்பையும் டிரைவரையும் ரீசெட் செய்து திரையைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கும். ஒரு நிமிஷத்துக்குள் 5 தடவைக்கு மேல் இப்படி ஆனால் முயற்சியைக் கைவிட்டு நீலத்திரை போட்டுவிடும். எக்ஸ்பி காலத்தில் இந்த ரீசெட் கிடையாது. சிப் சிக்கினால் நேராக நீலத்திரை, அல்லது சுத்தமாக நின்றுபோவது. விண்டோஸின் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து 4101 என்ற எண்ணைத் தேடினால் எந்தெந்த நேரத்தில் இது நடந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் ஒன்றாக அமுக்கினால் டிரைவரை நாமே ரீசெட் செய்யலாம். விண்டோஸ் 7-இல் அது இல்லை.

இந்தச் செய்தியில் டிரைவர் பெயர் இருப்பதால்தான் எல்லோரும் டிரைவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் பதில் சொல்லாமல் நிற்பது சிப். டிரைவர் தவறான கட்டளை கொடுத்ததால் சிப் சிக்கியிருக்கலாம். சிப் சூட்டில் தடுமாறியிருக்கலாம். கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் தொடர்பு சரியில்லாமல் இருக்கலாம். கரண்ட் குறைந்திருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் வெளியே வருகிற செய்தி ஒன்றுதான்.

பிரித்துப் பார்க்க நான் மிகவும் நம்புகிற சோதனை, டிரைவரே இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது. விண்டோஸ் 7-இல் டிவைஸ் மேனேஜரில் போய் டிஸ்ப்ளே அடாப்டருக்கு ‘ஸ்டாண்டர்டு விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய விண்டோஸில் அதன் பெயர் ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’. லினக்ஸில் இதற்கு இணையானது நோமோட்செட். ஆன் ஆகும்போது வரும் மெனுவில் ஈ கீயை அமுக்கி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அந்த வார்த்தையைச் சேர்த்து எஃப்10 அமுக்க வேண்டும். இரண்டிலும் திரை கொஞ்சம் மங்கலாகத் தெரியும், விண்டோவை இழுத்தால் திக்கித் திக்கி வரும், வீடியோ பார்க்க முடியாது. ஆனால் பேஜ்மேக்கரில் நோட்டீஸ் அடிக்கலாம். அப்படியே வேலை செய்யவிட வேண்டும். அப்போதும் நின்றால் டிரைவர் மீது பழி போடுவதை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாம். நிற்கவில்லை என்றால் கோளாறு டிரைவரிலோ அந்தச் சிப்பின் 3டி பகுதியிலோ இருக்கிறது. செலவே இல்லாத சோதனை இது. ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் எந்தச் சர்வீஸ்காரரும் செய்யக்கூடியது. செய்யாமல் ஃபார்மட் அடிப்பது, என்னைக் கேட்டால், வாடிக்கையாளருக்குச் செய்கிற அநியாயம்.

நோமோட்செட்டை நிரந்தர வைத்தியமாகச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சரியில்லை. கிராபிக்ஸ் வேலை முழுவதையும் ப்ராசஸர் தலையில் கட்டுகிற வழி அது. பழைய ப்ராசஸர் அதைத் தாங்காது. அதே மாதிரி, ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலே என்ற மதிப்பை 2 விநாடியிலிருந்து 8, 10 என்று கூட்டச் சொல்லும் யோசனையும் எங்கும் கிடைக்கும். பெரிய 3டி வேலை நிஜமாகவே 2 விநாடிக்கு மேல் எடுக்கிற இடத்தில் அது பயன்படும். நோட்டீஸ் அடிக்கிற மெஷினில் திரை இன்னும் கூடுதல் நேரம் நிற்பதற்குத்தான் உதவும்.

மைனியின் மெஷினில் டிரைவர் இல்லாமல் ஓட்டியபோது, பாட்டு ஓட ஓடத் திரை மட்டும் நிற்கிற கோளாறு அறவே வரவில்லை. அதனால் முதலில் டிரைவரையே சரிசெய்து பார்த்தோம். விண்டோஸில் பழைய டிரைவர்களின் மிச்சங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சேஃப் மோடில் போய் டிடியூ என்ற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டிச் சுத்தமாக்கி, அந்தக் கார்டுக்கென்று கடைசியாக வந்த டிரைவரை மட்டும் போட்டேன். கோளாறு குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. மின்ட்டில் ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை எடுத்தேன், டெஸ்க்டாப்பின் நிழல், மங்கல் போன்ற அலங்காரங்களைச் செய்யும் கம்பாசிட்டரை நிறுத்தினேன். அதில் நல்ல மாற்றம் தெரிந்தது. பழைய சிப்பைப் பெரும்பாலும் சிக்கவைப்பது பிரவுசர்தான். இன்றைய வலைப்பக்கங்களும் வீடியோக்களும் கேட்கிற வேலை, 2009, 2010 காலத்துச் சிப்பை மனதில் வைத்து எழுதப்பட்டதில்லை. வேறு எதையும் தொட விருப்பமில்லாதவர்கள் இந்த ஒரு டிக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். குரோமில் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது.

பழைய கார்டுகளின் டிரைவர் நிலவரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் கார்டு என்பதைப் பொறுத்து வழி மாறும். என்விடியாவில் ஜிபோர்ஸ் 8, 9, 200 வரிசைகளுக்கு லினக்ஸில் 340 கிளை டிரைவர்தான் கடைசி. அது 2019 டிசம்பரில் 340.108-ஓடு முடிந்தது. 400, 500 வரிசைகளுக்கான 390 கிளை 2022-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த கெர்னல்களோடு இவை நேரடியாக ஒத்துப்போகாது. பழைய கெர்னலோடு தங்க வேண்டும், அல்லது நூவோ என்ற திறந்தமூல டிரைவருக்குப் போக வேண்டும். நூவோ, உற்பத்தியாளரின் ஆவணங்கள் கையில் இல்லாமல், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துப் பார்த்தே எழுதப்பட்டது. 2010-இல் கெர்னல் 2.6.33-இல் சேர்ந்தது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பழைய ஏடிஐ, ஏஎம்டி ரேடியான் கார்டுகளுக்கு நிலைமை மேல். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ரேடியான் டிரைவர் அவற்றை நன்றாகக் கவனித்துக்கொள்கிறது. இன்டெல் போர்டில் கூடவே வரும் கிராபிக்ஸுக்கு முன்பு தனி இன்டெல் டிரைவர் இருந்தது. 2016-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகை, 2007-க்குப் பிறகு வந்த இன்டெல் சிப்களுக்குப் பொதுவான மோட்செட்டிங் டிரைவரையே இயல்பாக வைத்துவிட்டது. யாராவது இணையத்தில் படித்துவிட்டு அந்தப் பழைய இன்டெல் டிரைவருக்கான கான்ஃபிக் கோப்பு போட்டு வைத்திருந்தால், அதை எடுத்துவிட்டாலே சில மெஷின்களில் நிற்பது போய்விடும்.

சரி, இங்கே எடுத்த முடிவு கார்டையே கழற்றுவது. ஜி41 போர்டிலேயே இன்டெல் ஜிஎம்ஏ எக்ஸ்4500 கிராபிக்ஸ் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு 3டி எதுவும் தேவையில்லை. அப்படியிருக்க, டிரைவர் ஆதரவு முடிந்துபோன ஒரு கார்டை எதற்காகச் சுமக்க வேண்டும்? மைனிக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. “காசு குடுத்துப் போட்ட சாதனத்த கழத்துனா படம் மோசமா தெரியாதா?” என்றார். நோட்டீசுக்குத் தெரியாது என்றேன்.

கேபினெட்டைத் திறந்தபோதுதான் கடற்கரைக் கடையின் மெஷின் எப்படி இருக்கும் என்பதை முழுசாகப் பார்த்தேன். கேபினெட்டின் பின்பக்கத் தகடு ஓரமெல்லாம் துரு. திருகாணிகளின் தலை கறுத்திருந்தது. கார்டின் சின்ன ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்து, விரலால் தள்ளினாலும் அரைச் சுற்றோடு நின்றது. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் சிப்பின் மேல் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. போர்டில் செருகும் தங்கப் பட்டைகளில் இரண்டு மூன்று இடத்தில் மங்கலாக ஒரு படலம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இடவப்பாதியில் (ஜூன் வாக்கில்) தொடங்கும் ஈரம் கார்த்திகை வரைக்கும் முழுசாக விடுவதில்லை. அதோடு உப்புக்காற்று. தூசியில் உப்பு கலந்து, அது ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும். கோயம்புத்தூரில் இதே மெஷின் இன்னும் பல வருஷம் சுத்தமாக இருந்திருக்கும். இங்கே வருஷத்துக்கு ஒரு தடவை, தென்மேற்கு மழை தொடங்குவதற்கு முன்னால், கேபினெட்டைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வது கட்டாயம்.

பட்டைகளை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் எல்லா சர்வீஸ் கடையிலும் உண்டு. வேலை செய்யும்தான். ஆனால் அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால் பூச்சு போய் அடியில் இருக்கும் உலோகம் வெளியே வந்து, அடுத்த மழையில் இன்னும் வேகமாகக் கறுக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மெடிக்கல் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பெரும்பாலும் வேறு எண்ணெய்களும் கலந்திருக்கும் என்பதால் அது வேண்டாம். ரேம் பட்டைகளையும் அப்படியே துடைத்தேன். ரேமைத் துடைப்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது: போர்டில் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனியாக மெமரி கிடையாது, சிஸ்டம் ரேமில் ஒரு பங்கைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. ரேமில் கோளாறு இருந்தால் அது திரையில் கோடாகவும் உறைவாகவும் வெளிப்படும், பழி மறுபடியும் டிரைவர் மேல் விழும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை ராத்திரி ஓடவிட்டுக் கடையைப் பூட்டினோம். காலையில் ஒரு பிழையும் இல்லை.

கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளைப் போர்டின் விஜிஏ பின்னில் மாற்றிச் செருகிய பிறகு, திரை மட்டும் நிற்கிற கோளாறு விண்டோஸிலும் மின்ட்டிலும் ஒழிந்தது. 4101 பதிவுகள் நின்றன. டிமெசேஜிலும் புகார் இல்லை.

ஆனால் மெஷின் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை பாட்டு தொடரவில்லை. ஸ்பீக்கரில் ‘டர்ர்ர்’. போனிலிருந்து நுழைய முடியவில்லை. எஸ், யு, பி எதுவும் எடுபடவில்லை. குறிப்பேட்டில் கடைசி வரி சாதாரணமான ஒன்று. புகார் எழுதக்கூட நேரம் கிடைக்காமல் மொத்தமும் நின்றிருக்கிறது. டிரைவர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம், அப்போதும் நின்றது. ஆக இது இரண்டாவது நோய். இவ்வளவு நாளும் முதல் நோயோடு கலந்து கிடந்ததால் யாருக்கும் பிடிபடவில்லை.

இதைக் கண்டுபிடித்தது மைனிதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில், நிற்கிற நேரத்தையும் அப்போது கடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். அவர் எழுதியதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். யாராவது ஆதார் நகலோ ரேஷன் கார்டு நகலோ கேட்டு வந்த நேரம். “ஜெராக்ஸ் போட்டா நிக்குன்னு நெனக்கேன் தம்பி. எல்லாத் தடவையும் இல்ல. கொஞ்ச நேரம் சும்மா கெடந்துட்டு மொதல் காப்பி எடுக்கும்ப.”

இதற்குமேல் என்ன வேண்டும்! ஜெராக்ஸ் மெஷினில் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் என்ற சூடான உருளை இருக்கிறது. சும்மா கிடக்கும்போது அது ஆறிவிடும். முதல் காப்பிக்குத் திரும்பச் சூடேறும்போது சில விநாடிகள் நூற்றுக்கணக்கான வாட், பெரிய மெஷினில் ஆயிரத்தையும் தாண்டி இழுக்கும். கடையில் டியூப்லைட் ஒரு நொடி துடித்து அடங்குவதைக் கவனித்திருக்கலாம். மைனியின் கடையில் ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே பழைய வயரில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னோம். சாயங்காலம் அந்த பாயின்டில் 200 வோல்ட்டுக்கும் கீழே. ஃபியூசர் சூடேறுகிற கணத்தில் அதிலிருந்தும் இறங்கியது.

நல்ல எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பெட்டி) இந்த இறக்கத்தைத் தாங்கும். கரண்ட் ஒரு கணம் இல்லாமலே போனாலும் தன் கெப்பாசிட்டரில் இருக்கும் சேமிப்பை வைத்து 16, 17 மில்லிசெகண்ட் வரை ஓட்ட வேண்டும் என்பது பொதுவான வடிவமைப்பு அளவு. நம்மூர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஏறக்குறைய ஒரு சுற்று. பழசான எஸ்எம்பிஎஸில் கெப்பாசிட்டர் காய்ந்து அந்தச் சேமிப்பு குறைந்துபோகும். கம்ப்யூட்டர் ஓடும்போதே ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய மாதிரி நாலு முனை கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தோம். 12 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக்கூடாது. ஜெராக்ஸ் சும்மா இருக்கும்போதே 11.5-ஐ ஒட்டித்தான் நின்றது. முதல் காப்பி எடுக்கச் சொன்னோம். முள் இல்லாத டிஜிட்டல் மீட்டர்தான், எண் 11.1-க்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தோம். ஃபேன் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை நாமாகத் திறக்கவே கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

யுபிஎஸ் இருந்தது. அதனுள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி செத்துக் கிடந்தது. இந்தச் சின்ன யுபிஎஸ்கள் சாதாரண நேரத்தில் வெளிக்கரண்டை ஏறக்குறைய அப்படியே கம்ப்யூட்டருக்குக் கடத்துகின்றன. இறக்கம் வரும்போது பேட்டரிக்கு மாற வேண்டும். பேட்டரி இல்லாவிட்டால் அது வெறும் பிளக் பாயின்ட். கடைகளில் யுபிஎஸ் விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள், ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவில் போய் எஸ்எம்பிஎஸும் பேட்டரியும் வாங்கி வந்தேன். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும் என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். வோல்டேஜ் குறைகிற ஊர்களுக்கு இந்த ஒரு வரி முக்கியம். ஆனால் இந்த வகை எஸ்எம்பிஎஸ், மலிவு யுபிஎஸ்களோடு சில நேரம் ஒத்துப்போகாது. பேட்டரிக்கு மாறும்போது அந்த யுபிஎஸ்கள் தருவது சைன் அலையாக இல்லாமல் படிக்கட்டு வடிவத்தில் இருப்பதுதான் காரணம். அதனால் கடைக்குக் கொண்டுவந்த அன்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன், இங்கே ஒத்துப்போனது. ஜெராக்ஸுக்கு எலக்ட்ரீஷியன் மெயின் ஸ்விட்ச் போர்டிலிருந்து நேராகக் கனமான வயரில் தனி லைன் இழுத்து 15 ஆம்பியர் பிளக் போட்டுக்கொடுத்தார். செலவு, புது சிஸ்டத்துக்குச் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு திருவிழா சீசன் முழுக்கக் கடை ஓடியது. பாட்டும் ஓடியது. ஜெராக்ஸ் போட்டாலும் மெஷின் அனங்காமல் நிற்பதில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய டிரைவர்களை உற்பத்தியாளர்கள் தளத்திலிருந்து எப்போது எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. தேடினால் அதே பெயரில் வேறு எதையோ தலையில் கட்டும் தளங்கள்தான் முதலில் வருகின்றன. அதனால் விண்டோஸ் 7-க்கான இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர், போர்டின் சவுண்டு, லேன் டிரைவர்கள், டிடியூ, மெம்டெஸ்ட், பேஜ்மேக்கர் கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அதன் நகலை என் வீட்டிலும் வைத்திருக்கிறேன். மைனியின் நோட்டுப் புத்தகம் மேஜை டிராயரில் இருக்கிறது; போன மாதம் அதில் பிரிண்டர் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.